வரைந்ததோடு கை கழுவலாமா?

இந்த முறை கொஞ்சம் டெக்னிக்கல் சமாச்சாரம். மெக்கானிக்கல் படிக்காதவர்கள் ஓடிவிட வேண்டாம், இதில் தமிழ் எழுத்தின் கதையும் இருக்கிறது :-)

எங்கள் பள்ளங்கியிலிருந்து ஒரு போர்டு வெட்ட வேண்டுமென்றால் டிசைனை பென் டிரைவில் போட்டுக்கொண்டு மலை இறங்க வேண்டும். வத்தலக்குண்டோ திண்டுக்கல்லோ, போய் வர ஒரு நாள் காலி. அங்கே சிஎன்சி மெஷினில் (கம்ப்யூட்டர் சொல்லும் பாதையில் மரத்தையும் அக்ரிலிக்கையும் வெட்டுகிற மெஷின்) ஏற்றும்போதுதான் வினை ஆரம்பம். "தம்பி, எழுத்து உடையுது. இங்கிலீஷ்லயே போட்டுக்கலாமா?" திரும்பவும் மலை ஏறி இறங்க யாருக்குத் தெம்பு? சரி என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். ஒரு தமிழ் போர்டு இப்படித்தான் இங்கிலீஷ் போர்டு ஆகிறது.

இதில் மெஷின் மேலும் தப்பில்லை, தமிழ் மேலும் தப்பில்லை. வரைவதற்கும் வெட்டுவதற்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. அதை யாரும் தன் வேலையாக நினைப்பதில்லை. அது வரைகிறவர் வேலை என்பதுதான் என் கட்சி.

கோரல்டிராவோ இங்க்ஸ்கேப்போ நமக்குக் காட்டுவது படம். மெஷினுக்கு வேண்டியது பாதை. நீங்கள் 5 மி.மீ. தடிமனில் அழகாக ஒரு கோடு போட்டிருப்பீர்கள். வெட்டும் புரோகிராமுக்கு அது வெறும் நடுக்கோடு. இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் தூது போவது டிஎக்ஸ்எஃப் ஃபைல். 1982ல் ஆட்டோகேடுக்காக வந்தது, இன்றும் ஓடுகிறது. ஆனால் தூதுவர் எல்லாவற்றையும் அப்படியே சொல்வதில்லை.

முதலில் எழுத்து. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். கடைக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லையென்றால் வருவது கிறுக்கல். யூனிகோடு என்றால் பழைய புரோகிராம்கள் சிலவற்றில் 'கொ'வின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். சேமிக்கும் முன் எழுத்தை வளைகோடாக மாற்றிவிட்டால் (கோரலில் 'கன்வெர்ட் டு கர்வ்ஸ்', இங்க்ஸ்கேப்பில் 'ஆப்ஜெக்ட் டு பாத்') எழுத்துருவே தேவையில்லை. ஒரு நிமிட வேலை!

அடுத்தது அளவு. டிஎக்ஸ்எஃபில் 300 என்று இருந்தால் அது மில்லிமீட்டரா இஞ்சா என்பதை எல்லா புரோகிராமும் கவனிப்பதில்லை. இஞ்ச் என்று எடுத்துக்கொண்டால் ஒரு அடி போர்டு ஏழரை மீட்டரைத் தாண்டும். அது பரவாயில்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். இங்க்ஸ்கேப் 2017ல் ஒரு இஞ்சுக்கு 90 புள்ளி என்ற கணக்கை 96 ஆக மாற்றியது. பழைய கணக்கில் வரைந்த 300 மி.மீ. டிசைனைப் புதிய கணக்கில் படித்தால் 281 மி.மீ. ஆகிவிடும். இது கண்ணுக்குத் தெரியாது, பலகையை மாட்டும்போதுதான் தெரியும்.

மூன்றாவது வளைவு. டிஎக்ஸ்எஃபின் பழைய ஆர்12 வடிவத்தில் ஸ்ப்லைன் என்ற நெளிகோடே கிடையாது. அதில் சேமித்தால் வளைவெல்லாம் குட்டிக் குட்டி நேர்க்கோடுகளாக உடையும். துண்டுகள் பெரிதாக இருந்தால் விளிம்பு பட்டை பட்டையாக வரும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் பாதி நேர்க்கோடுதான், தப்பித்துக்கொள்ளும். நம் 'ஞ'வும் 'ழ'வும் என்ன செய்யும்?

கடைசியாக நம் புள்ளி. எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டினால் மெய்யெழுத்தின் புள்ளி தனித்துண்டாகக் கழன்றுவிடும். 'பள்ளங்கி'யில் இரண்டு, 'கொடைக்கானல்' என்றாலும் இரண்டு. சின்னப் பாலம் போட்டு எழுத்தோடு சேர்ப்பதா, பின்பலகையில் தனியாக ஒட்டுவதா? இதை எந்த சாஃப்ட்வேரும் முடிவு செய்யாது.

"இதெல்லாம் ஆபரேட்டர் அண்ணன் பார்த்துக்கொள்வாரே" என்பீர்கள். பிட் எவ்வளவு மொத்தம், எந்த வேகத்தில் ஓட்டுவது என்பதெல்லாம் அவர் வித்தை, அதில் நாம் தலையிட வேண்டாம். ஆனால் உங்கள் போர்டு எத்தனை மி.மீ., புள்ளி எங்கே நிற்க வேண்டும் என்பது உங்களுக்குத்தானே தெரியும்? அவர் பின்னால் இன்னும் நாலு பேர் காத்திருக்கிறார்கள்.

கல்லூரியிலும் இதே கதை. ஒரு லேபில் வரைந்தால் மார்க், இன்னொரு லேபில் மெஷின் ஓட்டினால் மார்க். நடுவில் உள்ள படிக்கு மார்க் இல்லை, அதனால் யாரும் படிப்பதில்லை.

நண்பர்களே, இரண்டே பழக்கம் போதும். எந்த டிசைனிலும் ஓரமாக 100 மி.மீ. சதுரம் ஒன்று போடுங்கள். கடையில் அதை மட்டும் அளந்தால் அளவு சரியா என்று தெரிந்துவிடும். சேமித்த டிஎக்ஸ்எஃபை வேறொரு புரோகிராமில் திறந்து பாருங்கள், லிப்ரேகேட் இலவசம்தான். அதில் எழுத்து உடைந்தால் வீட்டிலேயே சரி செய்துகொள்ளலாம். தமிழ் போர்டு வேண்டும் என்று மேடையில் பேசுவது இருக்கட்டும். அந்த ஃபைலை ஒழுங்காகக் கொடுப்பதும் தமிழுக்குச் செய்கிற வேலைதான்.