முகத்தைப் பார்த்தோம், சொல்லைக் கேட்டோமா?

பதவியில் இருக்கும் தலைவர் பேசினால் ஐயுறுகிறோம். பதவி இழந்த தலைவர் பேசினாலோ உருகிவிடுகிறோம். "இனி இவருக்கு என்ன ஆதாயம்? உள்ளத்தில் உள்ளதைத்தானே சொல்கிறார்!" என்று நம்பிவிடுவது மக்கள் இயல்பு. அவ்வியல்பு நம்மை எங்கே ஏமாற்றும் என்பதை அறிய விரும்புவோர், 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு தொலைக்காட்சி உரையாடலைக் கருதிப் பார்த்தல் நலம்.

ரிச்சர்டு நிக்சன் 1972ஆம் ஆண்டுத் தேர்தலில் 50 மாநிலங்களுள் 49ஐ வென்று இரண்டாம் முறை குடியரசுத் தலைவரானவர். அவ்வாண்டு ஜூன் 17ஆம் நாள் வாட்டர்கேட் மாளிகையிலிருந்த எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஐவர் திருட்டுத்தனமாகப் புகுந்து பிடிபட்டனர். புகுந்த குற்றத்தைவிட அதை மூடி மறைக்கச் செய்த முயற்சியே நிக்சனை வீழ்த்தியது. 1974 ஆகஸ்டு 9இல் பதவி துறந்தார். ஒரு திங்கள் நிறைவதற்குள், அடுத்து வந்த ஜெரால்டு போர்டு அவருக்கு முழு மன்னிப்பு வழங்கிவிட்டார். குற்றவாளிக் கூண்டில் அவர் ஏறவே இல்லை. மக்கள் எதிர்பார்த்த விசாரணை நடவாமலே போயிற்று.

அந்தக் குறையை நிறைக்க முன்வந்தவர் ஆங்கிலேயத் தொலைக்காட்சியாளர் டேவிட் பிராஸ்ட். நிக்சனுக்கு 6 இலட்சம் டாலரும், வரும் ஆதாயத்தில் ஐந்தில் ஒரு பங்கும் தருவதாக உடன்பாடு. காசு கொடுத்து வாங்கிய சாட்சியம் என்று அப்போதே முகஞ்சுளித்தோர் உண்டு. பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் அதனை ஏற்கவில்லை. எனினும் வினாக்களை முன்னதாக அறியவோ, பதிவைத் தம் விருப்பப்படி வெட்டவோ நிக்சனுக்கு உரிமை தரப்படவில்லை. 1977 மார்ச்சு 23இல் பதிவு தொடங்கிற்று. நம் நாட்டில் நெருக்கடி நிலையைக் கொணர்ந்த இந்திரா காந்தி அம்மையார் தேர்தலில் தோற்றுப் பதவி விலகியதும் அதே வாரத்தில்தான்.

மே 4ஆம் நாள் முதற்பகுதி ஒளிபரப்பாயிற்று. ஏறத்தாழ 4½ கோடி மக்கள் பார்த்தனர். நண்பர்களையும் நாட்டையும் கைவிட்டுவிட்டதாகவும், எதிரிகளின் கையில் வாளைத் தாமே கொடுத்துவிட்டதாகவும் நிக்சன் தழுதழுத்துக் கூறினார். ஆனால் சட்டப்படி குற்றம் செய்ததாக மட்டும் ஒப்பவில்லை.

மக்கள் என்ன எண்ணினர்? பின்னர் எடுக்கப்பட்ட காலப் கருத்துக் கணிப்பின்படி, அவர் இன்னும் மறைக்கிறார் என்றோர் 100க்கு 69 பேர். நீதிக்கு இடையூறு செய்த குற்றவாளியே என்றோர் 72 பேர். பொதுவாழ்வில் இனி அவருக்கு இடமில்லை என்றோர் 75 பேர். இரக்கப்பட்டோரும் இருந்தனர். ஆயினும் இரக்கம் தீர்ப்பை மாற்றவில்லை. பொதுமக்கள் எளிதில் மயங்குவர் என்று இகழ்வோர் இந்த எண்களை ஊன்றிப் பார்க்கட்டும்!

அவ்வளவில் நின்றால் இது மகிழ்ச்சிக்குரிய கதை. நான் எழுத எடுத்துக்கொண்டது இதன் மறுபாதியை.

அதே மே மாதத்தில் ஒளிபரப்பான மற்றொரு பகுதியில் நிக்சன் வேறொன்று சொன்னார். நாட்டின் பாதுகாப்புக்கென்று குடியரசுத் தலைவர் ஒரு செயலைச் செய்தால், அவர் செய்வதனாலேயே அது சட்டவிரோதம் ஆகாது என்பது அதன் பொருள். இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கவில்லை. வாட்டர்கேட் பற்றிய பேச்சில் நழுவினார், சுற்றி வளைத்தார். இங்கோ உள்ளத்தில் இருந்ததை உள்ளபடியே உரைத்தார். அந்த உரையாடல் முழுவதிலும் மிக வெளிப்படையான பேச்சு இதுவே. ஆனால் நாடு பெரிதும் பேசியது எதனை? அவர் வருந்தினாரா, மன்னிப்புக் கேட்டாரா என்பதனையே. 2006இல் இது நாடகமாயிற்று, 2008இல் திரைப்படமாயிற்று. படத்தைப் பார்த்துவிட்டு வரும் நம் மாணவ நண்பர்களும் அந்த வாடிய முகத்தைப் பற்றித்தான் வாய் ஓயாமல் பேசுகின்றனர்.

எந்தக் கருவியானாலும் அது எதை அளக்கிறது என்று அறியாமல் அதன் முள்ளை நம்பாதே என்பது ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடம். தொலைக்காட்சி முகத்தை அளக்கும் கருவி. 1952இல், நன்கொடைப் பணம் பற்றிய பழிக்கு ஆளான இதே நிக்சன், மகளுக்குப் பரிசாக வந்த நாய்க்குட்டியைப் பற்றித் தொலைக்காட்சியில் பேசி மக்கள் மனத்தைக் கரைத்தார். 1960இல் கென்னடியோடு வாதிட்டபோது, நோயிலிருந்து எழுந்த அவருடைய வெளிறிய முகம் அவருக்கே பகையாயிற்று. 1977இலும் மக்கள் முகத்தில்தான் கண்ணீரைத் தேடினர். கொள்கையை அளக்கும் முள் அந்தப் பெட்டிக்குள் இல்லை. அதனை நாம்தான் கொண்டுசெல்ல வேண்டும்.

அது வெறுஞ்சொல் என்று விட்டுவிடலாமா? 47 ஆண்டுகள் கழிந்தபின், 2024 ஜூலை 1இல், டிரம்ப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தலைவருக்கே உரிய அடிப்படை அதிகாரங்களைச் செலுத்தியமைக்காக முன்னாள் தலைவர்மீது குற்ற வழக்குத் தொடுத்தல் கூடாது. பிற அலுவல்முறைச் செயல்களுக்கும் குறைந்தது பாதுகாப்பு உண்டென்றே தொடக்கத்தில் கொள்ளவேண்டும் என்பது தீர்ப்பு. நிக்சன் சொன்னது அப்படியே சட்டமாகிவிட்டது என்று நான் கூறமாட்டேன். ஒரு செயல் சட்டவிரோதமன்று என்பதும், அதற்காக வழக்குத் தொடுத்தல் இயலாது என்பதும் வேறு வேறு. ஆயினும் இரண்டும் ஒரே திசையில் செல்லும் பாதைகள் அல்லவா?

தமிழ் படித்த நமக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உரைகல் உண்டு. கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தவுடன், பாண்டியன் தன்னையே கள்வன் என்றான். அரியணையிலிருந்து வீழ்ந்து மாண்டான். அரசன் செய்ததால் தவறு தவறாகாது என்று அவன் வாதிடவில்லை. அரசன் செய்ததனாலேயே அது பொறுக்கலாகாத தவறு என்று எண்ணினான். அவனைப் போல் எவரும் உயிர்விட வேண்டும் என்பதன்று என் கருத்து. பதவி குற்றத்தைக் கூட்டுமா, குறைக்குமா என்ற வினாவுக்கு அவன் தந்த விடையைத்தான் சுட்டுகிறேன்.

வீழ்ந்தவரை மேலும் வருத்துவது பண்பாடா என்று சிலர் கேட்கலாம். மனிதர் என்ற முறையில் நிக்சனுக்காக இரங்குவதில் தவறில்லை. அவர் 1994இல் மறைந்தபோது, ஆட்சியில் இருந்தவரும் முன்னாள் தலைவர் நால்வரும் இறுதிச் சடங்கில் நின்றனர். அது நாகரிகம். ஆனால் இரக்கம் மனிதருக்கு உரியது, பதவிக்கு உரியது சட்டம். முன்னதைத் தாராளமாக வழங்குவோம். பின்னதை விட்டுக்கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

நண்பர்களே, முன்னாள் தலைவர்கள் பலர் நம் நாட்டிலும் தொலைக்காட்சியில் "மனந்திறந்து" பேசுகின்றனர். மறுநாள் உணவுக்கூடத்தில் நாமும் இரு கட்சியாகப் பிரிந்து, அழுதது உண்மையா நடிப்பா என்று வழக்காடுகிறோம். இனி அந்த வழக்கைச் சற்றே ஒதுக்கிவைத்து, அவர் எதைத் தம் உரிமையென்று சொன்னார், அவ்வுரிமையை அடுத்து வருபவர் கையில் கொடுக்க நாம் இசைவோமா என்று கேட்டுப் பார்ப்போம்.