கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை

நம் சங்கக் குடும்பங்களில் அண்மைக் காலமாக அடிக்கடி காதில் விழும் குறை ஒன்று உண்டு. "பையன் காலேஜிலிருந்து வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். கிட்டாரும் கம்ப்யூட்டருமாக உட்கார்ந்து ஏதோ பதிவு செய்கிறான். கேட்டால் 'என் பேண்ட்' என்கிறான். பேண்ட் என்றால் நாலு பேர் வேண்டாமா? இவன் ஒருவனேதான் எல்லாமாம்!" சொல்பவர்களின் கவலை புரிகிறது. ஆனால் அந்தச் சாத்திய கதவைக் கண்டு நாம் பயப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஒருவனே பேண்ட் ஆவது எப்படி? முதலில் தாளத்தைப் பதிவு செய்கிறான். அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பேஸ் கிட்டார் வாசித்துப் பதிகிறான். பிறகு கிட்டார், கடைசியில் குரல். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நாலு பேர் கூடி வாசித்ததுபோல் ஒலிக்கும். ரயில்பாதைப் பராமரிப்பிலேயே காலம் கழித்த எனக்கு இது எளிதில் விளங்குகிறது. அடியில் ஜல்லி, அதன்மேல் ஸ்லீப்பர், அதன்மேல் தண்டவாளம். ஜல்லி சரியாக இறுகாவிட்டால் மேலே எவ்வளவு நல்ல தண்டவாளம் போட்டாலும் வண்டி ஆடத்தான் செய்யும். இங்கும் தாளம் பிசகினால் மேலே உள்ளதெல்லாம் பிசகும்.

இப்படித் தனியே தொடங்கியவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து லீஸ்பர்க் ஊர்க்காரர் வில் டொலீடோ. 1992-இல் பிறந்தவர். 2010-இல் பாட்டுகளைத் தாமே எழுதிப் பதிவு செய்தார். பாடுவது மற்றவர் காதில் விழக்கூடாது என்ற கூச்சம். ஆகவே காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து லேப்டாப்பில் குரலைப் பதிந்தார். கார் இருக்கையில் தலை சாய்க்க வைத்திருக்கும் திண்டின் பெயரையே தம் இசைக்கும் வைத்தார்: 'கார் சீட் ஹெட்ரெஸ்ட்'. அந்த ஓர் ஆண்டிலேயே நான்கு ஆல்பங்கள் வந்தன. அவற்றுக்குத் தலைப்புகூட இல்லை; 1, 2, 3, 4 என்று வெறும் எண்கள். எல்லாவற்றையும் 'பேண்ட்கேம்ப்' என்ற இணையத்தளத்தில் தாமே வெளியிட்டார். கல்லூரியில் படித்துக்கொண்டே, நாலைந்து ஆண்டுகளில் பத்துக்கும் மேற்பட்ட ஆல்பங்களை இப்படிச் செய்தார். கம்பெனியும் இல்லை, ஸ்டூடியோவும் இல்லை.

பிறகு அவர் சியாட்டில் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். அங்கே கூட்டாளிகள் சேர்ந்தார்கள். டிரம்ஸுக்கு ஆண்ட்ரூ காட்ஸ், கிட்டாருக்கு ஈதன் ஐவ்ஸ், பேஸுக்கு செத் டால்பி. 2015-இல் மேட்டடோர் என்ற சுதந்திர இசை நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. 2016-இல் குழுவாக ஸ்டூடியோவில் வாசித்த 'டீன்ஸ் ஆஃப் டினையல்' வெளிவந்து பெரும் பாராட்டைப் பெற்றது. காரில் தனியே பாடியவர் நால்வரில் ஒருவரானார்.

இதில் நான் கவனித்தவை இரண்டு. முதலாவது, அந்தக் கார் அவருக்குக் கொடுத்தது இடம் மட்டுமல்ல. மோசமாகப் பாடும் உரிமையையும் கொடுத்தது. எண்களை மட்டும் தாங்கிய ஆல்பங்கள் யாரையும் அசத்தச் செய்தவை அல்ல; கை பழகச் செய்தவை. நம் வீட்டில் என்ன நடக்கிறது? பிள்ளை மூன்று பாட்டு கற்றால் நான்காம் வாரம் நவராத்திரிக் கொலுவில் விருந்தாளிகள் முன் பாடச் சொல்கிறோம். தவறு செய்ய அவகாசமே தருவதில்லை.

இரண்டாவது, தனிமை ஓர் எல்லைவரைதான் உதவும். 2011-இல் டொலீடோ தனியே செய்த ஆல்பம் 'ட்வின் ஃபேண்டஸி'. அதையே 2018-இல் குழுவோடு முதலிலிருந்து மறுபடி பதிவு செய்து வெளியிட்டார். பாட்டுகள் அவருடையவைதான், ஆனால் இப்போது நாலு பேர் ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்கிறார்கள். ரயில்பாதை கோணலானால் கேங்மேன்கள் கடப்பாரை போட்டுத் தள்ளுவார்கள். தள்ளுகிறவனுக்குக் கோணல் தெரியாது. சற்றுத் தள்ளிக் குனிந்து, தண்டவாளத்தின் மேல் கண்ணை ஓட்டிப் பார்க்கும் மேட்தான் "இன்னும் கொஞ்சம், போதும்" என்று சொல்ல முடியும். குழுவில் ஒவ்வொருவரும் மற்றவருக்கு மேட். தனி மரம் தோப்பாகாது என்பது சரிதான். ஆனால் தோப்பில் நிற்கும் மரமும் முதலில் தனியாகத்தான் வேர்விட வேண்டும்.

"படிப்பு கெட்டுவிடாதா?" என்று கேட்பீர்கள். டாம் ஷோல்ஸ் என்ற அமெரிக்கர் எம்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முதுகலைப் பட்டம் பெற்றவர். போலராய்டு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, வீட்டின் நிலவறையில் ஒலிப்பதிவுக் கருவிகளை அமைத்து இரவுகளில் உழைத்தார். அப்படி உருவான 'பாஸ்டன்' குழுவின் முதல் ஆல்பம் 1976-இல் வந்து, அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதில் ஒரு காசுகூட வராது என்பதே உண்மை. நம் பெண்கள் பத்தாண்டு பரதநாட்டியம் கற்கிறார்கள். அதைச் சம்பாத்தியத்துக்காகவா கற்பிக்கிறோம்? கிட்டாருக்கு மட்டும் ஏன் இந்தக் கணக்கு?

"ராக் என்றால் கெட்ட சகவாசம்" என்ற அச்சமும் உண்டு. சாத்திய கதவுக்குள் பிள்ளை என்ன பாடுகிறான்? பெரும்பாலும் நம்மிடம் சொல்ல முடியாததை. டொலீடோவின் பாட்டுகளில் நிறைய இருப்பது மனச்சோர்வும் தனிமையும் வளரும் வயதின் குழப்பங்களும்தான். அவற்றை வீட்டார் கேட்கக்கூடாது என்று ஓர் இளைஞன் நினைப்பது இயல்பு. சொல்ல ஒரு வழி இருக்கும் பிள்ளையைக் குறித்து நான் கவலைப்பட மாட்டேன். சொல்ல வழியே இல்லாத பிள்ளையைக் குறித்துத்தான் கவலைப்படுவேன்.

இனி நம் நிலைமைக்கு வருவோம். அமெரிக்கப் பையனுக்கு ஒரு கார் இருந்தது. இங்கே நாக்பூரில் நம்மில் பலருக்கு இரண்டு அறை வீடு. ஒன்றில் தாத்தா பாட்டி, மற்றதில் டெலிவிஷன். பக்கத்து ஃபிளாட்காரர் சுவரைத் தட்டுவார். பிள்ளைகள் எங்கே போவார்கள்?

ஆகவே சங்கச் செயற்குழுவுக்கு இரண்டு யோசனைகள். நூலகத்தை அடுத்து, பழைய நாற்காலிகளும் விழாத் தட்டிகளும் அடைத்துக் கிடக்கும் அறையைக் காலி செய்து, வாரத்தில் இரண்டு மாலைகள் இளைஞர்களுக்குக் கொடுங்கள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், இரண்டு ஹெட்போன், சுவரில் ஒலியை அடக்கப் பழைய ஜமக்காளங்கள். தொடங்குவதற்கு இவை போதும். உள்ளே இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளலாம். வெளியே நின்று ஒட்டுக் கேட்பதில்லை என்பது பெரியவர்களுக்கான விதி. ஒருவர் பதிந்ததை இன்னொருவர் கேட்டு, "இதற்கு நான் தாளம் போடட்டுமா?" என்று கேட்கும் நாளில் அங்கே ஒரு குழு தானாகப் பிறக்கும். ஹெட்போன் செலவு என்னுடையது.

இரண்டாவது, ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டு கரோக்கி ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நடக்கிறது. அதில் பத்து நிமிடத்தைப் பிள்ளைகள் தாமே எழுதி மெட்டமைத்த தமிழ்ப் பாட்டுக்கு ஒதுக்குங்கள். விரும்பி முன்வருபவர்களுக்கு மட்டும்; யாரையும் பிடித்து மேடையேற்ற வேண்டாம். அந்தத் தமிழில் இந்தியும் மராத்தியும் கலந்திருக்கும். றகர ரகரம் தடுமாறும். போகட்டும். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் தமிழை இதுவரை பெரும்பாலும் பிறர் எழுதியதை ஒப்பிக்கவே பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். தன் மனத்தில் இருப்பதைச் சொல்ல ஒரு பிள்ளை தமிழில் வார்த்தை தேடினால், நாம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள் பலித்துவிட்டன என்று நான் சொல்வேன்.

அடுத்த பொதுக்குழுவில் இதை முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். அவர் முப்பது வயதுக்குக் கீழே இருந்தால் மிகவும் நல்லது.