வெள்ளி நாற்காலிக்கு அருகே ஒரு புடவை

மேன்மை தங்கிய குடியரசுத் தலைவர் அவர்களின் சமூகத்துக்கு, மும்பை மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழன் ஒருவன் பணிவுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

எங்கள் தெருவுக்குப் பழைய பட்டுப்புடவை வாங்க ஒருவர் வருவதுண்டு. சென்ற மாதம் காலஞ்சென்ற என் தாயாரின் கூறைப்புடவையை அவரிடம் காட்டியபோது, அவர் அதன் நிறத்தையோ நெய்திருந்த நேர்த்தியையோ நோக்காமல், கறுத்துப்போன ஜரிகையை நகத்தால் சுரண்டி, உள்ளிருப்பது வெள்ளிதானா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தராசை எடுத்தார். பட்டு எரிந்து சாம்பலாகும், அடியில் தங்கும் வெள்ளிக்கே விலை என்பதை அவர் ஒளிக்கவும் இல்லை. கொடுக்க மனம் வராமல், அம்மா செய்வதுபோலவே பழைய மடிப்பு இற்றுவிடாதபடி மாற்றி மடித்து, வேஷ்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

அப்போது தங்கள் மாளிகை நினைவுக்கு வந்தது. அதன் அருங்காட்சியகத்தில், 1911ஆம் ஆண்டு டில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அமர்ந்த வெள்ளி நாற்காலி பத்திரமாக இருக்கிறது. அந்நிய மன்னரின் ஆசனத்துக்கு இடமளித்த நம் குடியரசு, தன் தலைவர்களின் இல்லத்துணைவியர் உடுத்திய வஸ்திரங்களையும் முறைப்படி கேட்டுப் பெற்று வைக்கலாகாதா? அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டு பதவியேற்பு நடன விருந்துக்குத் தாம் அணிந்த வெண்பட்டு அங்கியை, ஜனாதிபதி டாஃப்டின் மனைவியார் ஹெலன் 1912இல் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்துக்கு அளித்தார். அதுவே இன்றளவும் தொடரும் சம்பிரதாயமாயிற்று. நாமோ, 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி உடுத்தியிருந்த புடவையை சப்தர்ஜங் சாலை நினைவில்லத்தில் காத்து வைத்திருக்கிறோம். மரணத்துக்குச் சாட்சியான துணியைக் காத்தவர்கள், வாழ்வுக்குச் சாட்சியானவற்றையும் காக்கவேண்டும் அல்லவா?

ஆடம்பரத்தைக் கருதி நான் இதைக் கேட்கவில்லை. 1987 முதல் 1992 வரை தங்கள் ஆசனத்தை அலங்கரித்த ஆர். வெங்கட்ராமனின் துணைவியார் ஜானகி அம்மையார், புழுவைக் கொல்லாமல் எடுத்த பட்டில் புடவை கிடைக்குமா என்று ஒருமுறை கேட்டார். புழு உள்ளிருக்கும்போதே கூட்டைக் கொதிநீரில் இட்டால்தான் இழை அறாமல் நீண்டு வரும். பூச்சி துளைத்து வெளியேறிய கூட்டிலிருந்து கிடைக்கும் துண்டு இழைகளையோ பஞ்சுபோல் நூற்றே நெய்யவேண்டும். ஆயிரக்கணக்கான கூடுகள் ஒரு புடவைக்குப் போகும் தொழிலில் அக்கேள்வி சிறிதன்று. அதுவே, ஆந்திரக் கைத்தறிக் கூட்டுறவு நிறுவன அதிகாரி குசும ராஜையாவை அஹிம்சா பட்டு என்னும் முயற்சியில் ஈடுபடுத்தியது. உடையில் ஒருவரது மனச்சாட்சியும் நெய்யப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை.

ஆகையால் ஒவ்வொரு முன்னாள் தலைவரின் குடும்பத்தாரிடமும் ஓர் ஆடையைத் தாங்கள் கேட்டருள வேண்டும். பிரதிபா பாட்டீலின் கணவர் தேவிசிங் ஷெகாவத்தைப் போன்றோர்க்கு அவர்தம் உடையே ஆகட்டும். நெய்த ஊரையும் உடுத்திய சந்தர்ப்பத்தையும் எழுதி, மங்கிய ஒளியில், மடிப்பு விழாமல் சுருட்டி வைத்தால் அவை நெடுங்காலம் நிலைக்கும். ஜானகி அம்மையாரின் புடவைக்குப் பக்கத்தில் துளைபட்ட பட்டுக்கூடு ஒன்றும் இருக்கட்டும்.

தராசுக்காரர் மறுபடியும் வருவார். ஜரிகைப் புடவைக்காவது அவரிடம் ஒரு விலை உண்டு. ஜரிகையற்ற எளிய புடவையோ கேட்பாரின்றிக் கரித்துணியாகிவிடும். அத்தகையவற்றையே தாங்கள் முதலில் கேட்கவேண்டும் என்பது என் பிரார்த்தனை.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
மாட்டுங்காவாசி ஒருவன்