பதினைந்தாவது கிலோமீட்டரில் ஃபஜ்ர்



ஓராண்டுக்கு முன், நவம்பர் மாதத்து இரவொன்றில், இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது இளைஞர் ஒருவர் நம்மை நிறுத்தினார். ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதுபவர். சிறுவயதில் நம்மிடம் ஓதியவர். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்" என்றார். ஜனவரியில் நடைபெறும் சென்னை மராத்தானில் ஓடப் பெயர் கொடுத்திருப்பதாகவும், 42.195 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்துக்குள் ஓடி முடிப்பதே தம் இலக்கு என்றும் கூறினார். பிறகு தயங்கித் தயங்கி, "ஓட்டம் அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்குகிறது. ஃபஜ்ரை வந்து களாச் செய்துகொள்ளலாமா?" என்றார்.

கூடாது என்பது ஒரு சொல்லில் முடியும் விடை. அதைச் சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கேட்டவர் தொழுகையில் அலட்சியமானவர் அல்லர்; அலட்சியமானவராயின் கேட்டே இருக்கமாட்டார். எனவே அவரை அருகில் அமரவைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தக் கணக்கை இங்கே எழுதுவது நம் பகுதியில் ஓடத் தொடங்கியிருக்கும் மற்ற இளைஞர்களுக்கும், அவர்களைப் பார்த்து முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கும் பயன்படும் என்று கருதுகிறோம்.

ஜனவரி முதல் வாரத்தில் சென்னையில் ஃபஜ்ர் நேரம் ஏறத்தாழ 5.15 மணிக்கு நுழைகிறது, சூரியன் 6.32 மணியளவில் உதிக்கிறது. நான்கு மணி நேரத்தில் முடிக்க விரும்புபவர் ஒவ்வொரு கிலோமீட்டரையும் 5 நிமிடம் 41 வினாடியில் கடக்க வேண்டும். அந்த வேகத்தில் ஓடினால் பாங்கு சொல்லும் வேளையில் அவர் பதின்மூன்றாவது கிலோமீட்டரில் இருப்பார். சூரியன் எழும்போது இருபத்தேழாவது கிலோமீட்டரை நெருங்கியிருப்பார். ஆக, ஃபஜ்ருடைய நேரம் முழுவதும் அந்த ஓட்டத்தின் நடுவிலேயே வந்து போய்விடுகிறது. புறப்படுமுன் தொழ முடியாது. முடித்தபின் தொழுதால் அது களா. அரை மராத்தான் ஓடுபவரும் ஐந்து மணிக்குப் புறப்பட்டு நிதானமாக ஓடுவாராயின் அவருக்கும் இதே நிலைதான். நம் ஊர் வெயிலை அறிந்தவர்கள் இந்த நேரத்தை வைத்ததற்காக யாரையும் குறை கூறமாட்டார்கள். எட்டு மணிக்குமேல் கடற்கரைச் சாலையில் ஓடுவது உடம்புக்குக் கேடு.

"நான் பயணிதானே, சலுகை உண்டல்லவா?" என்றும் அவர் கேட்டார். ஆம்பூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 180 கிலோமீட்டர். பயணி என்பது சரிதான். ஆனால் கஸ்ரு என்னும் சுருக்கம் நான்கு ரக்அத் தொழுகைகளுக்கு மட்டுமே. ஃபஜ்ர் இரண்டு இரண்டுதான். இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழ அனுமதிக்கும் மத்ஹபிலும் ஃபஜ்ரை எதனோடும் சேர்க்க வழியில்லை. ஆக, ஓட்டத்தின் நடுவே நின்று தொழுவது ஒன்றே வழி.

இந்த இடத்தில்தான் பெரியவர்கள் சிலர் குறுக்கிடுகிறார்கள். "தொழுகைக்கு இடைஞ்சலாக வரும் விளையாட்டு எதற்கு? ஓடாமல் இருந்துவிட்டால் போகிறது" என்பது அவர்கள் வாதம். அவர்களுடைய அக்கறையை மதிக்கிறோம், கருத்தை ஏற்பதற்கில்லை. தூ கரத் போரிலிருந்து மதீனா திரும்பும் வழியில் நடந்த நிகழ்வை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். ஓட்டத்தில் எவரிடமும் தோற்றறியாத அன்சாரித் தோழர் ஒருவர், மதீனாவரை தம்மோடு ஓடிப் போட்டியிட யாரேனும் உண்டா என்று திரும்பத் திரும்ப அழைக்கிறார். நபி (ஸல்) அவர்களுடைய ஒட்டகத்தில் பின்னால் அமர்ந்து வந்த ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் அனுமதி கேட்கிறார்கள், அனுமதி கிடைக்கிறது. குதித்து இறங்கிய ஸலமா உடனே முழு வேகத்தில் பாயவில்லை. ஒன்றிரண்டு மேடுகள்வரை தம்மை அடக்கி, மூச்சைச் சேமித்துக்கொண்டு, பிறகே விரைந்து அவரை எட்டிப்பிடித்து முந்துகிறார்கள். இன்றைய பயிற்சியாளர்கள் தொண்டை வறளக் கற்பிக்கும் முதல் பாடமும் இதுதான்: தொடக்கத்தில் அடக்கி ஓடு, முடிவில் விரைந்து ஓடு. நபி (ஸல்) அவர்களே தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஒரு பயணத்தில் ஓடியதையும், முதன்முறை அவர்கள் வென்றதையும், பின்னொரு காலத்தில் உடல் கனத்தபின் நபியவர்கள் வென்று, அதற்கு இது ஈடு என்று நகைச்சுவையாகச் சொன்னதையும் அபூதாவூதில் படிக்கிறோம். (நம் ஊர்களில் பெண்கள் கண்ணியமாக நடக்கவும் ஓடவும் ஓரிடமும் இல்லாதிருப்பது தனியாக எழுதப்பட வேண்டிய பொருள். எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.)

மேலும் ஒன்றை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். நம் ஊர்களில் இரவு பன்னிரண்டு மணிக்கும் டீக்கடைகளில் கூட்டம் குறைவதில்லை. பெற்றோர் ஃபஜ்ருக்கு எழுப்பி எழுப்பிக் களைத்துப்போன பிள்ளைகள் பலர், ஓடத் தொடங்கிய பின் ஒன்பதரை மணிக்கே உறங்கப் போகிறார்கள்; அதிகாலை ஜமாஅத்தில் முதல் வரிசையில் நிற்கிறார்கள். உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியதை, பிரியாணியையும் சர்க்கரை நோயையும் ஒருசேர வளர்க்கும் நம் சமுதாயத்துக்கு யார் நினைவூட்டுவது? இந்தப் பிள்ளைகள் நினைவூட்டட்டும்.

ஆனால் திங்கள் முதல் சனிவரை முதல் வரிசையில் நிற்பவர்களை ஞாயிறன்று காணோம். அன்றுதான் நீண்ட ஓட்டம்: இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர். வெயிலுக்கு முன் முடிக்க மூன்றரை மணிக்கே புறப்பட்டுவிடுகிறார்கள். ஓட்டம் கைகூடி வரும்போது நிறுத்த மனம் வருவதில்லை. வீடு திரும்பும்போது சூரியன் உதித்துவிடுகிறது. நாம் அஞ்சுவது ஜனவரியின் ஒரு நாளை அன்று. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் வரும் பதினாறு ஞாயிற்றுக்கிழமைகளையே அஞ்சுகிறோம். பதினாறு முறை விட்டுப் பழகியவருக்குப் பதினேழாவது முறை நெஞ்சு உறுத்துவதில்லை.

இதற்குத் தீர்வு எளிது. ஆம்பூரிலிருந்து உமராபாத் வழியாகப் பேரணாம்பட்டு செல்லும் சாலையிலும், வாணியம்பாடி செல்லும் வழியிலும் பள்ளிவாசல்களுக்குப் பஞ்சமில்லை. ஃபஜ்ர் ஜமாஅத் நேரத்தில் எந்தப் பள்ளியை எட்டுவோம் என்று முன்கூட்டியே கணக்கிட்டுப் பாதையை அமைக்கலாம். தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று பார்த்துப் பாதை அமைப்பவர்களுக்கு இது கடினமா? நெடுஞ்சாலையை விட்டு உள்சாலையில் ஓடினால் இருட்டில் லாரிகளிடமிருந்தும் பாதுகாப்பு. ஒன்றை மட்டும் மறக்கலாகாது: பள்ளிவாசல் கண்ணுக்குத் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து நடக்க வேண்டும். இகாமத் காதில் விழுந்தாலும் தொழுகைக்கு ஓடி வராமல் அமைதியாக நடந்து வரும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். முப்பது கிலோமீட்டர் ஓடுபவரும் அந்த ஐம்பது அடியை நடந்தே ஆக வேண்டும்.

போட்டி நாளுக்கான மஸ்அலாக்களுக்கு வருவோம். தோல் பதனிடும் ஊர்களில் பிறந்த நமக்கு, குஃப் எனப்படும் தோல் காலுறையின்மீது மஸஹ் செய்யும் சட்டம் நன்கு தெரியும். ஆனால் அது கணுக்காலை மூட வேண்டும். ஓட்டக் காலணி மூடுவதில்லை, மெல்லிய துணிக் காலுறையும் குஃபின் இடத்தைப் பெறாது. எனவே மூன்றரை மணிக்கே முழுமையாக உளூச் செய்துகொண்டு அதைக் காத்துக்கொள்வதே சிறந்தது. ஓடுவதாலோ வியர்ப்பதாலோ உளூ முறிவதில்லை. ஹனஃபி மத்ஹபில் இரத்தம் வெளிப்பட்டு வழிந்தால் முறியும். கொப்புளம் உடைந்தும் நகம் பெயர்ந்தும் இரத்தம் வருவது ஓடுபவர்களுக்குப் புதிதன்று, அதுவும் பிற்பகுதியிலேயே பெரும்பாலும் நேரும். ஆகவே நேரம் நுழைந்ததும், கால்கள் களைக்குமுன், பதினைந்தாவது கிலோமீட்டருக்குள் தொழுதுவிடுவது எல்லா வகையிலும் நலம். உளூ முறிந்துவிட்டால் அஞ்ச வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்திருக்கிறார்கள்; அது முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டருக்குள் அடங்கும். வழியில் தரும் தண்ணீர்ப் புட்டிகளே போதும். கிப்லாவுக்கும் திகைக்க வேண்டாம். சென்னைக் கடற்கரையில் கடலுக்கு முதுகைக் காட்டி, சற்றே வலப்புறம் திரும்பி நின்றால் போதுமானது. முழங்கால் மறையாத குட்டைக் காற்சட்டையில் ஓடுவதும் தொழுவதும் ஆண்களுக்கு ஆகாது. முழங்காலுக்குக் கீழ்வரை வரும் ஓட்ட உடைகள் எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன.

இவ்வளவையும் அந்த இளைஞரிடம் சொல்லியனுப்பினோம். அவர் அவ்வாறே செய்தார். 4 மணி 6 நிமிடத்தில் முடித்தார். தொழுகைக்காக நின்ற நேரத்தை அவருடைய கைக்கடிகாரம் ஒன்பது நிமிடம் என்று காட்டியது. எண்ணிப் பாருங்கள்: நிற்காமல் ஓடியிருந்தால் 3 மணி 57 நிமிடம். ஊர் திரும்பி வந்து அதைச் சொன்னபோது அவர் முகத்தில் முறையீடு ஏதுமில்லை. ஆனால் வருத்தம் இருந்தது. உடன் ஓடிய நண்பர்கள் தங்கள் நேரத்தை ஸ்ட்ராவாவில் பதிந்து பாராட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தார்கள். தொழுகைக்காக இழந்தது இழப்பன்று என்று அவருக்கு நாம் சொல்லியிருக்க முடியும், அது உண்மையும்கூட. ஆனால் நான்கு மாதம் உழைத்த ஒருவரிடம் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை. விரும்பிய ஒன்றை அல்லாஹ்வுக்காகக் கைவிட்டதால் தோன்றும் வருத்தம் பாவமன்று. அந்த வருத்தத்தோடு தொழுதாரே, அதற்குத் தனிக் கூலி உண்டென்றே நம்புகிறோம்.

ஆனால் நான்கு மணி நேரமும் ஃபஜ்ரும் ஒன்றாகக் கிடைக்காதவை என்று முடிவுகட்டவும் வேண்டாம். எத்தியோப்பியாவில் பிறந்து நெதர்லாந்துக்காக ஓடும் சகோதரி ஸிஃபான் ஹஸன், 2023 ஏப்ரல் 23 அன்று லண்டனில் தம் முதல் மராத்தானை ஓடினார். பெருநாள் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. ரமலான் நோன்போடுதான் பயிற்சி செய்திருந்தார். ஓட்டத்தின் நடுவே இடுப்பு வலியால் நின்று, சாலையோரம் காலை நீட்டி மடக்கி, முன்னணியினரை விட்டு வெகுவாகப் பின்தங்கினார். பிறகு மெல்ல மெல்ல எட்டிப்பிடித்து 2 மணி 18 நிமிடம் 33 வினாடியில் முதலாவதாக வந்தார். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் மராத்தான் தங்கம் அவருக்கே கிடைத்தது. பதக்க மேடையில் ஹிஜாப் அணிந்து நின்றார். நின்றவர் தோற்றாக வேண்டும் என்பதில்லை.

நம் இளைஞருடைய ஒன்பது நிமிடத்தை மறுநாள் பிரித்துப் பார்த்தோம். நான்கு ரக்அத்துக்கு, சுன்னத்தும் சேர்த்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது. ஃபஜ்ருடைய முன்சுன்னத்தை நபி (ஸல்) அவர்கள் பயணத்திலும் விட்டதில்லை என்பதால் அதை விடச் சொல்ல நமக்குத் துணிவில்லை. மீதி நிமிடங்கள் எங்கே போயின? தூய்மையான இடம் தேடியதில் கொஞ்சம்; நனைந்து இறுகிய காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டியதில் கொஞ்சம்; மரத்துப்போன கால்களோடு மீண்டும் வேகம் பிடிக்கத் தடுமாறியதில் கொஞ்சம். இவை எதுவும் தொழுகையின் நேரம் அல்ல, பழகாமையின் நேரம். தண்ணீர் குடிப்பதற்கும் பேரீச்சம்பழம் தின்பதற்கும் பயிற்சியில் பழகியவர், நின்று தொழுது மீண்டும் ஓடுவதற்குப் பழகவில்லை.

இவ்வாண்டு பழகுகிறார். ஒவ்வொரு ஞாயிறும் ஃபஜ்ருக்கு நின்று, ஒரு நிமிடம் நடந்து மூச்சை அடக்கி, தக்பீர் கட்டி, ஸலாம் கொடுத்தபின் ஒரு நிமிடம் நடந்து மீண்டும் ஓடுகிறார். காலணிக் கயிற்றுக்குப் பதில் இழுத்து விடும் ரப்பர் கயிறு போட்டிருக்கிறார். கைக்குட்டை அளவுக்கு மடியும் விரிப்பு ஒன்று பையில் இருக்கிறது. நிறுத்தம் இப்போது ஆறு நிமிடத்துக்கு வந்திருக்கிறது. அப்படியானால் ஓடுவதற்கு மிஞ்சுவது 234 நிமிடம். கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 33 வினாடி. போன ஆண்டு வகுத்த திட்டத்தைவிடக் கிலோமீட்டருக்கு எட்டு வினாடி விரைவாக ஓட வேண்டும். ஏலகிரி மலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் மாதம் இருமுறை ஏறி அந்த எட்டு வினாடிகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்போது அவருடன் இன்னும் மூவர் சேர்ந்திருக்கிறார்கள், ஒருவர் மேல்விஷாரத்துக்காரர். சென்ற வாரம் நால்வரும் வந்து புதிய மஸ்அலா ஒன்றைக் கேட்டார்கள். போட்டியில் ஜமாஅத்தாகத் தொழ விரும்புகிறார்களாம். ஆனால் ஒருவர் மற்றவரைவிட வேகமானவர், பதினைந்தாவது கிலோமீட்டரில் முதலில் வந்தவர் பின்னால் வருபவருக்காக எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? மேல்விஷாரத்துக்காரர் ஹாஃபிழ். இமாமத்துக்கு உரியவர் அவரே. நால்வரில் மெதுவாக ஓடுபவரும் அவரே.