'எடையைக் குறை' என்றார் நடுவர்... 22 வயதில் போனது உயிர்! ஜிம்னாஸ்டிக்ஸ் சிறுமிகளைத் துரத்தும் பட்டினி நோய்

டி.வி.யில் ஜிம்னாஸ்டிக்ஸ் பார்க்கும்போது, "இந்தப் பொண்ணுக்கு எலும்பே இல்லையா?" என்று வாய் பிளக்கிறோம். அந்தப் பொண்ணு வயிறார சாப்பிட்டு எத்தனை நாள் ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவின் மிசவுரி மாநிலத்தைச் சேர்ந்தவர் கிறிஸ்டி ஹென்ரிச். உயரம் 4 அடி 10 அங்குலம். 1988-ல் ஹங்கேரியில் நடந்த போட்டிக்குப் போனபோது, ஒலிம்பிக் அணியில் சேர எடையைக் குறைக்க வேண்டும் என்று அமெரிக்க நடுவர் ஒருவர் அவரிடம் சொன்னார். அந்த ஆண்டு 0.118 புள்ளியில் ஒலிம்பிக் வாய்ப்பும் கைநழுவியது.

சாப்பாட்டைக் குறைத்தார். 1989 உலகப் போட்டியில் 4-வது இடம் வந்தார். 1991-ல் விளையாட்டை விட்டார். நோய் அவரை விடவில்லை. ஒரு கட்டத்தில் எடை 21 கிலோ ஆனது. 1994 ஜூலை 26-ந் தேதி உடல் உறுப்புகள் செயலிழந்து பரிதாபமாக இறந்தார். 22-வது பிறந்தநாள் முடிந்து 8 நாள்தான் ஆகியிருந்தது.

தராசு யார் கையில்?

நடுவரின் பேச்சு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. உடம்பு லேசாக இருந்தால் குட்டிக்கரணம் சுலபம். ஒட்டிய உடையில் நடுவர் முன்னால் நிற்க வேண்டும். இந்த நேரத்தில்தான் வயசுக்கு வரும் பருவமும் வருகிறது. உடம்பு வளர்வதே குற்றம் போல ஆகிவிடுகிறது. சாப்பிடாமல் இருந்தால் "நல்ல கட்டுப்பாடு" என்று பாராட்டு வேறு! நோய் மறைந்து வளர்வது இப்படித்தான்.

பிரிட்டனில் 2022-ல் வெளியான விசாரணை அறிக்கைக்கு 400-க்கும் மேற்பட்டோர் தகவல் கொடுத்தனர். அடிக்கடி எடை போட்டது, சாப்பாடு ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று பையைச் சோதித்தது என அடுக்கடுக்காக புகார். இதையடுத்து 2023-ல், பயிற்சியாளர்கள் பிள்ளைகளை எடை போடவே கூடாது என்று விதி வந்தது.

பெற்றோர் கவனிக்க...

ஓட்டமோ, நடனமோ, ஜிம்னாஸ்டிக்சோ... பிள்ளை சேர்ந்து சாப்பிடாமல் நழுவுகிறதா? மாதவிலக்கு நின்றுவிட்டதா? அடிக்கடி மயக்கம், எலும்பில் கீறலா? "பயிற்சி அப்படி" என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

பதக்கம் அடுத்த வருஷம் வாங்கிக்கலாம். பிள்ளை போனா வருமா?