வேலை தெரிந்த நாவல்கள்

கடல்நீர் ஒரே நாளில் உப்பாகிவிடுவதில்லை. முதலில் தெப்பத்தில் தேங்கிக் காய வேண்டும். அடர்த்தி ஏற ஏற ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற வேண்டும். அடர்த்தி 25 டிகிரியைத் தொட்ட பிறகுதான் உப்பு இறங்கும். அதை வாருபலகையால் இழுத்து வரப்பில் சேர்த்து, தண்ணீர் வடிந்ததும் தலைச்சுமையாக அம்பாரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரை எப்போது வெளியேற்றுவது என்பதும் ஒரு கணக்கு. தாமதித்தால் உப்பின் தரம் கெட்டுவிடும். இத்தனையும் கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சத்தில், வெறுங்கால் உப்புநீரில் ஊறிக்கொண்டிருக்க நடக்கும் வேலை.

ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ 1979இல் வந்த நாவல். தூத்துக்குடிக்குப் போய், உப்பளங்களில் வேலை செய்பவர்களோடு பேசிப் பழகி அவர் எழுதியது. அண்மையில் அதை மறுபடி எடுத்துப் படித்தேன். அதன் தொடர்ச்சியாக, ஒரு தொழிலை நடுவில் வைத்து எழுதப்பட்ட தமிழ் நாவல்களாகவே தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். சில புதியவை, பல மறுவாசிப்பு. அந்த வாசிப்பில் உறுதிப்பட்ட ஒன்றைச் சொல்லத்தான் இந்தத் தலையங்கம்.

ஒரு மனிதர் தன் வேலையை எப்படிச் செய்கிறார் என்று தெரியாத நாவலாசிரியர் அவரைப் பார்த்து இரக்கப்படலாம். அதற்குமேல் அவரால் போக முடியாது. வேலை தெரிந்தவர் எழுதும்போது அந்த மனிதரின் திறமை, அவர் கண்ணும் கையும் சேர்ந்து போடும் கணக்கு, அவருடைய பெருமிதம் எல்லாம் பக்கத்துக்கு வந்துவிடுகின்றன. இரக்கம் வாசகரை ஒரு படி மேலே நிற்க வைக்கிறது. திறமையைப் பார்த்த வாசகர் மரியாதையோடு எட்டி நின்று கவனிக்கிறார். உழைப்பவர்களைப் பற்றி எழுதப்பட்ட நாவல்களில் நல்லதையும் சுமாரானதையும் நான் இதை வைத்துத்தான் பிரிக்கிறேன்.

‘கரிப்பு மணிகள்’ இந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் நிற்கும் நாவல். பொன்னாச்சி அளத்து வேலைக்கு வரும் பகுதிகளில் ராஜம் கிருஷ்ணனின் கண் கூர்மையாக இருக்கிறது. குடிநீருக்குப் படும் பாடு, காலில் ஆறாத புண், பெண்களுக்குக் குறைந்த கூலி, கங்காணியின் பார்வை, இவையெல்லாம் வேலையோடு வேலையாகவே வருகின்றன. எங்கேயும் நிறுத்தி வைத்து விளக்கப்படவில்லை. ஆனால் நீதியைப் பற்றிப் பேச வேண்டிய இடம் வந்ததும் பாத்திரங்களின் குரலுக்குள் ஆசிரியரின் குரல் புகுந்துவிடுகிறது. பொன்னாச்சி உப்பை வாரும்போது நமக்குத் தெரிந்த பெண், நியாயம் பேசும்போது யாரோ ஒருத்தி. இந்தக் குறையைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழில் வேறு எவரும் இப்படி ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு தொழிலாக எழுதிப் பார்த்ததில்லை. கடற்கரை மக்களுக்கு ‘அலைவாய்க்கரையில்’, சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களுக்குக் ‘கூட்டுக் குஞ்சுகள்’, தஞ்சை விவசாயக் கூலிகளுக்குச் ‘சேற்றில் மனிதர்கள்’. அவருடைய நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டன. படிக்காமல் இருப்பதற்கு இனி எந்தக் காரணமும் இல்லை. ‘கரிப்பு மணிகள்’ நாவலின் அளத்துக்கே திரும்பினால், மழை தொடங்கியதும் அங்கே வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தரத் தொடங்கியதே மிக அண்மையில்தான். நாவலுக்கும் இந்த அறிவிப்புக்கும் நடுவில் நாற்பதாண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து எழுதப்பட்டது. ஆரோக்கியம் தாழ்த்தப்பட்டவர்களின் தெருவுக்குத் துணி வெளுக்கும் வண்ணாத்தி. ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கீழேயும் ஒரு படி இருப்பதை அந்த நாவல் காட்டியதாகத்தான் எல்லோரும் எழுதினார்கள், பேசினார்கள், சண்டை போட்டார்கள். அந்த விவாதம் தேவையானது. ஆனால் இந்த முறை படித்தபோது நான் ஆரோக்கியத்தின் ஒரு நாளை மட்டும் பின்தொடர்ந்து போனேன். துணி எடுப்பது, துறைக்குச் சுமப்பது, வெளுத்துக் காயவைத்து மடிப்பது. எந்தத் துணி எந்த வீட்டுக்கு என்பதை எழுதி வைக்க அவளுக்கு ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை. எல்லாம் மனசுக்குள்தான். பொழுது சாய்ந்ததும் சட்டியோடு வீடு வீடாகப் போய்ச் சோறு எடுக்க வேண்டும். அறுப்புக் காலத்தில் களத்தில் நின்று தூற்றிக் கொடுத்துத் தன் பங்கைக் கேட்டு வாங்க வேண்டும். பிள்ளைப்பேறு என்றால் அவள் வேண்டும், சாவு என்றால் முதலில் அவள் வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஆரோக்கியம் தன் வேலையை இழிவாக நினைப்பதில்லை என்பது. அவள் கோபமெல்லாம் கூலி குறைவதைப் பற்றியும், ஊர் தன்னை மறந்துகொண்டு வருவதைப் பற்றியும்தான். தான் இல்லாமல் இந்தத் தெருவில் ஒரு பிறப்பும் இறப்பும் நடக்காது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெருமிதமே அவளைக் கட்டிப்போட்டும் வைக்கிறது. பிள்ளைகள் விலகிப் போகப் போக, களத்தில் விழும் நெல் குறையக் குறைய, அவள் இன்னும் இறுக்கமாக அந்த வேலையைப் பிடித்துக்கொள்கிறாள். வெளியிலிருந்து வந்து எழுதும் ஒருவருக்கு இது பிடிபடவே பிடிபடாது. அவர் ஆரோக்கியத்தை விடுவிக்க அவசரப்படுவார். இமையம் அவசரப்படவில்லை. கணவன் சவுரியோடு அவள் போடும் சண்டைகளையும், மகள் மேரிக்கு நேரும் கொடுமையையும் கூட அவளுடைய அன்றாட வேலையின் ஓட்டத்துக்குள்ளேயே வைத்து எழுதினார். அதனாலேயே முப்பதாண்டு கழித்தும் அந்த நாவல் தளரவில்லை.

நம் விமர்சனத்தின் மேல் எனக்குள்ள வருத்தம் இங்கேதான். கூட்டங்களில் யதார்த்தவாதமா, அதைத் தாண்டியதா என்று பேசுகிறோம். சாதியைப் பேசுகிறோம், மொழியைப் பேசுகிறோம், வடிவத்தைப் பேசுகிறோம். அந்த நாவலில் ஒரு மனிதர் பொழுது விடிந்ததிலிருந்து அடையும் வரை என்ன செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. உவர்மண்ணில் நனைத்த துணியை வெள்ளாவிப் பானையில் எப்படி அடுக்குவார்கள், எத்தனை நேரம் ஆவி ஏற வேண்டும், எந்த அழுக்கு போகும், எது போகாது என்று தெரிந்துகொண்டு ‘கோவேறு கழுதைகள்’ பற்றி எழுதப்பட்ட ஒரு மதிப்புரையை நான் பார்க்கவில்லை. உழைப்பவர்களின் அரசியலை மதிக்கிறோம் என்கிறோம், அவர்களுடைய அறிவை மதிக்க நேரம் ஒதுக்குவதில்லை.

தொ.மு.சி. ரகுநாதன் 1953இல் ‘பஞ்சும் பசியும்’ எழுதினார். நெசவாளர் வாழ்க்கையும் நூல் தட்டுப்பாடும் தமிழ் நாவலுக்குள் வந்தது அதில்தான். அந்த வரிசையில் வருவது டி. செல்வராஜின் ‘தோல்’ (2010). திண்டுக்கல் தோல் ஷாப்புகளின் கதை, 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. செல்வராஜ் அந்த ஊரிலேயே வழக்கறிஞராக இருந்தவர். சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி நிற்கும் ஓசேப்பு என் நினைவைவிட்டு அகலவில்லை. பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிர் களைந்து, சதை சீவி, ஆவாரம்பட்டையில் பதப்படுத்தும் வரைக்கும் அந்த நாற்றமும் எரிச்சலும் உடம்பில் ஏறுகின்றன. சங்கம் கட்டும் பகுதிகளுக்கு வந்தபின் நாவல் வரலாறாக மாறி வேகமாக ஓடுகிறது. அங்கே குழி மறைந்துவிடுகிறது. போராட்டம் வென்ற பிறகும் குழிக்குள் இறங்கித்தானே ஆக வேண்டும்? அந்தக் காலை எப்படி இருந்தது என்று செல்வராஜ் இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.

வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’யை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். அதைத் தழுவிய ‘பரதேசி’ படத்தைப் பார்த்தவர்கள் பலர், நாவலைப் படித்தவர்கள் அதில் ஒரு பங்கு இருப்பார்களா தெரியாது. படத்தில் அடியும் அழுகையும் முன்னால் நிற்கின்றன. நாவலில் முன்னால் நிற்பது கணக்கு. முன்பணம், பிடித்தம், அரிசிக்குக் கழித்தது, கம்பளிக்குக் கழித்தது என்று போய், ஒப்பந்தக் காலம் முடியும்போது தோட்டக் கூலிகளான கருப்பனும் வள்ளியும் இன்னும் கடன்காரர்கள். அந்தக் கணக்குதான் அவர்களுக்கு விலங்கு.

கடலுக்கு வருவோம். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) உடைந்த வல்லத்தின் பலகையைப் பற்றிக்கொண்டு மிதக்கும் மூன்று பேரோடு தொடங்குகிறது. பெரியவர் கோத்ராப் பிள்ளை, சூசை, சிறுவன் சிலுவை. நிறையப் பேர் முதல் ஐம்பது பக்கத்திலேயே சொற்கள் புரியவில்லை என்று மூடி வைத்ததாகச் சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, நிற்காமல் படித்துக்கொண்டே போங்கள். சோழகமும் வாடையும் கச்சானும் எந்தத் திசைக் காற்று என்று நாவலே கற்றுக்கொடுத்துவிடும். ஏனென்றால் அந்தக் காற்றைப் படிக்கத் தெரியாதவன் அந்த உலகத்தில் செத்துப்போவான். தகவல் சொல்வதற்காக வந்த ஒரு சொல்லும் அதில் இல்லை. சுறா வேட்டைப் பக்கங்களில் தூண்டில் கயிற்றை எப்போது விட வேண்டும், எப்போது இழுக்க வேண்டும் என்பதில் கதையின் முடிச்சே இருக்கிறது. தொழில் நுணுக்கம் நாவலுக்கு ஆபரணமா, எலும்பா என்று கேட்பவர்களுக்கு இந்தப் பக்கங்களைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

சோ. தர்மனின் ‘சூல்’ அதையே நிலத்தில் செய்கிறது. உருளைக்குடிக் கண்மாயின் மடையைத் திறப்பதும் அடைப்பதும் ஒரு வேலை. யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பாய்ச்சுவது ஒரு வேலை. அந்த வேலைகளைச் செய்தவர்களின் அறிவை ஒதுக்கிவிட்டு அரசாங்கம் பொறுப்பேற்றுக்கொண்டதும் கண்மாய் செத்தது என்பதுதான் அந்த நாவலின் வழக்கு. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு. ‘சூல்’ படித்தபின் அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை மடைக்காரர்கள் இருந்திருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வேலை என்றால் வெயிலும் சேறும்தான் என்பதில்லை. அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ (1969) திரைப்படத் தொழிலுக்குள் இருக்கும் நிர்வாகிகளின் வேலையை எழுதியது. வண்டி ஏற்பாடு செய்வது, ஆட்களைத் திரட்டுவது, நேரத்துக்குப் படப்பிடிப்பைத் தொடங்க வைப்பது. நடராஜன் செய்யும் அந்தக் காரியங்களில் புகழ் துளியும் இல்லை. படம் நின்றுபோனதும் முதலில் தெருவுக்கு வருபவரும் அவர்தான். ஜெமினி ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் வேலை செய்தவரால்தான் இவ்வளவு கூச்சலின்றி அதை எழுத முடிந்தது. 2023இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ நாவலில் கொங்குநாட்டுக் குடிநாவிதரான காரு மாமாவும் இந்த வரிசையில் வருபவரே. சிறிய நாவல். உறவுகளைப் பற்றிய நாவலாகவே அதைப் படிக்கிறார்கள். ஊருக்கெல்லாம் கடமைப்பட்ட தொழில் ஒரு மனிதரின் உறவுகளை எப்படி வடிவமைக்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்றைய வேலைகளுக்கு வருவோம். திருப்பூர் பனியன் தொழிலுக்கு எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ இருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலைக்கு விநாயக முருகனின் ‘ராஜீவ்காந்தி சாலை’ இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கி 2014இல் மூடப்பட்ட நோக்கியா ஆலையில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் ஷிப்டு ஷிப்டாக வேலை செய்தார்கள். கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து, சீருடை போட்டு, கைக்குள் அடங்கும் ஒரு பொருளின் ஒரே ஒரு பாகத்தை நாள் முழுக்கப் பொருத்தியவர்கள். ஆலை மூடிய பிறகு அவர்கள் எங்கே போனார்கள்? உணவுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செல்போன் சொல்லும் பாதையில் ஓடுகிற இளைஞனின் ஒரு நாள் எப்படிப் போகிறது? எந்த ஆர்டரை எடுப்பான், எதை விடுவான், லிஃப்டில் ஏறவிடாத குடியிருப்பில் எத்தனை மாடி நடப்பான்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் கட்டடங்களுக்குச் சென்ட்ரிங் கட்டுபவர்கள் தமிழ் நாவலுக்குள் எந்த மொழியில் பேசுவார்கள்? இவற்றை எழுத வேண்டியவர்கள் அந்த வேலைக்கு அருகில்தான் இருக்கிறார்கள். பேட்டி எடுத்து எழுதினால் போதாது. ராஜம் கிருஷ்ணன் போல நேரில் போய் இருக்க வேண்டும், அல்லது இமையத்தைப் போல அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்திருக்க வேண்டும்.

அடுத்து வரும் இதழ்களில் இத்தகைய நாவல்களுக்கென்று பக்கங்கள் ஒதுக்குகிறோம். பேராசிரியர்களின் கட்டுரைகளையும் வரவேற்கிறோம், ஆனால் முதலிடம் அந்தத் தொழிலைச் செய்தவர்களுக்கு. உப்பளத்தில் வேலை பார்த்தவர் ‘கரிப்பு மணிகள்’ படித்துவிட்டு எங்கே சரி, எங்கே பிசகு என்று எழுதட்டும். தோல் ஷாப்பில் இருந்தவர் ஓசேப்பைப் பற்றிச் சொல்லட்டும். தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் தங்கள் ஷிப்டைப் பற்றி நான்கு பக்கம் எழுதினாலும் வெளியிடுவோம். தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும் என்பதில்லை, கையால் எழுதியது போதும். பிழை திருத்திக்கொள்வது எங்கள் வேலை.