பயந்த நாயை வெடிக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள்



ஆடி பிறந்துவிட்டது. இனி நம் பகுதியில் சத்தத்துக்குக் குறைவிருக்காது. அம்மன் கோயில் திருவிழாவுக்கு அதிர்வேட்டு, ஆயுத பூஜைக்குக் கம்பெனி வாசல்களில் சரவெடி, அப்புறம் தீபாவளி. இடையில் கட்சித் தலைவர் வந்தாலும் வெடி, சாவு ஊர்வலம் போனாலும் வெடி. நாய் வளர்ப்பவர்களுக்காக இந்த நேரத்தில் ஒரு விஷயம் எழுத நினைத்தேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெடிச்சத்தத்துக்குப் பயப்படும் நாயை, "பழகிடும், விடு" என்று சத்தத்துக்குப் பக்கத்திலேயே கட்டிப்போடுவது தவறு. அதனால் பயம் தெளியாது, முற்றிப்போகும். பயத்தைத் தெளியவைக்க வழி இருக்கிறது. அதற்குத் தூரம் வேண்டும், தீனி வேண்டும், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அதனால்தான் தீபாவளிக்கு முதல் நாள் வரை காத்திருக்காமல் ஆடியிலேயே எழுதுகிறேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை புதிதாக வந்திருக்கும் குடியிருப்புகளில் லாப்ரடார் நாய்கள் நிறைய. தொழிற்சாலை வேலைக்கு வந்து இங்கேயே வீடு வாங்கிய இளம் குடும்பங்கள் ஆசையாக வளர்க்கிறார்கள். பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று: லாப்ரடார் என்பது துப்பாக்கி வேட்டைக்காகவே உருவான இனம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு இருந்த நாய்களை 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், சுடப்பட்டு விழும் பறவையைப் பல் படாமல் கவ்வி வருவதற்கென்று வளர்த்தார்கள். அங்குள்ள கென்னல் கிளப் 1903-இல் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. இன்றும் அது 'கன் டாக்' வரிசையில்தான் இருக்கிறது. நம் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே 1903-இல்தான்.

துப்பாக்கி நாயின் வம்சமே வெடிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறதே என்று சிரிக்கிறார்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வேட்டைக்காரர்களிடமே இந்தச் சிக்கல் உண்டு. துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரளும் நாயை ஆங்கிலத்தில் 'கன் ஷை' என்பார்கள். வம்சம் உதவும், ஆனால் வம்சம் மட்டும் போதாது. குட்டியாக இருக்கும்போது காதருகே திடீரென்று ஒரு வேட்டு வெடித்தால் எந்த உயர்ந்த வம்சமும் மிரண்டுவிடும்.

நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் வேட்டை நாய்கள்தான். ஆனால் அவை கண்ணையும் காலையும் நம்பி முயலை விரட்டிப் பிடித்தவை. துப்பாக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவற்றின் தொழில் அல்ல. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையும் போய்விட்டது. இப்போது நம் ஊர் நாய்க்குத் துப்பாக்கி என்றால் அது பட்டாசுதான். நமக்குச் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் காது கேட்கும். நாய்க்கு அதைப்போல இரு மடங்குக்கும் மேலே கேட்கும். சத்தம் எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்று அதற்கு யாரும் சொல்லவும் முடியாது.

நல்ல பயிற்சியாளர்கள் துப்பாக்கி நாயை எப்படிப் பழக்குகிறார்கள் தெரியுமா? முதல் நாளே காதருகில் சுடமாட்டார்கள். நாய் ஓடி விளையாடிக்கொண்டிருக்கும்போது ஓர் ஆள் மைதானத்தின் அந்தக் கோடியில் நின்று சின்னத் துப்பாக்கியால் ஒரே ஒரு முறை சுடுவார். நாய் நிமிர்ந்து பார்த்துவிட்டு விளையாட்டைத் தொடர்ந்தால் அடுத்த நாள் சில அடி கிட்டே வருவார். விளையாட்டை நிறுத்திவிட்டால் மறுபடி தூரப் போய்விடுவார். சூட்சுமம் அவ்வளவுதான். எவ்வளவு கிட்டே வரலாம் என்பதை நாய்தான் முடிவு செய்கிறது.

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறார். ஷிப்ட் வேலை. அவர் வீட்டு லாப்ரடாருக்கு டைகர் என்று பெயர். ஓர் ஆயுத பூஜையன்று பக்கத்தில் பத்தாயிரம் வாலா கொளுத்தியபோது டைகர் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி, வண்டலூர்–வாலாஜாபாத் சாலைக்கே போய்விட்டது. கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும் சாலை அது. டீக்கடைக்காரர் ஒருவர் பிடித்து வைத்திருந்ததால் உயிர் தப்பியது. தம்பி என்னிடம் வந்து, "சார், பயந்தாங்கொள்ளி நாயை வெச்சுகிட்டு என்ன பண்றது, யாருக்காவது குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார். "வாங்குறவன் வீட்டுல மட்டும் தீபாவளி வராதாப்பா?" என்று கேட்டேன். பிறகு இருவருமாக உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டோம். அதை அப்படியே சொல்கிறேன், உங்களுக்கும் பயன்படும்.

முதலில், செல்போனில் பட்டாசுச் சத்தத்தின் ஒலிப்பதிவு. நமக்கே சரியாகக் கேட்காத அளவுக்குக் குறைத்து வைக்க வேண்டும். நாயின் காது லேசாகத் திரும்பினால் போதும். சத்தம் வந்த மறுநொடி, நாய்க்கு மிகவும் பிடித்த தீனியில் ஒரு துண்டு. டைகருக்கு வேகவைத்த கோழி ஈரல். இந்த வரிசை மாறக்கூடாது. சத்தம் முன்னால், தீனி பின்னால். பாவ்லோவின் மணியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள், அதே கணக்குதான். தீனியை முதலில் காட்டினால், தீனியைக் கண்டாலே ஏதோ ஆபத்து வருகிறது என்று நாய் பாடம் படித்துவிடும்.

தினமும் ஐந்து நிமிடம் போதும். சில நாட்களுக்கு ஒரு முறை ஒலியை ஒரு புள்ளி கூட்டலாம். நாய் கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாலோ, வாலை இடுக்கிக்கொண்டாலோ, நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். தீனியையே வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் அன்றைய வகுப்பு முடிந்தது. மறுநாள் இரண்டு படி கீழே இறங்கித் தொடங்க வேண்டும்.

செல்போன் சத்தம் மட்டும் போதாது. நெஞ்சில் வந்து மோதும் அந்த அதிர்வு சின்ன ஸ்பீக்கரில் வராது. அதனால் இரண்டாம் கட்டமாக ஏரிக்கரை. நண்பர் ஒருவர் வெகு தூரத்தில் நின்று தகரத்தைத் தட்டுவார், தம்பி இங்கே பந்து வீசிக்கொண்டிருப்பார். வாரத்துக்கு வாரம் தூரம் குறைந்தது. ஐந்து மாதம் ஆயிற்று. டைகர் வீரனாகிவிடவில்லை. இன்றும் பெரிய வெடி வெடித்தால் உள்ளறைக்குப் போகும். ஆனால் போய்ப் படுத்துக்கொள்கிறது, எலும்பைக் கடிக்கிறது, ஓடுவதில்லை. அது போதும். பயமே இல்லாத நாய் தேவையில்லை, பயத்திலிருந்து மீளத் தெரிந்த நாய் இருந்தால் போதும்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் விருப்பமாகச் சாப்பிடும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார். கடைசியில் அவனே முயலைத் தடவிக் கொடுத்தான். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகிறது. நாம் இன்னும் "அடியாத மாடு படியாது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

முப்பத்துநாலு வருடம் அரசுப் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்தியவன் நான். கணக்குக்குப் பயந்த பிள்ளையைக் கரும்பலகை முன்னால் நிறுத்தி வைத்துப் பயத்தைப் போக்கியதாக ஒரு வாத்தியாராலும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளை படித்ததெல்லாம் கரும்பலகையை எப்படித் தவிர்ப்பது என்பதைத்தான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதைத் தடை செய்தது. வாயில்லா ஜீவனுக்கு மட்டும் பழைய பாடத்திட்டமே தொடர வேண்டுமா?

இன்னும் இரண்டு விஷயம். பயந்து நம்மிடம் ஒண்ட வரும் நாயை, "கொஞ்சினா பயம் அதிகமாகும்" என்று விரட்டுகிறார்கள். பயம் என்பது சேட்டை அல்ல, செல்லம் கொடுப்பதால் வளர்வதற்கு. பக்கத்தில் உட்காருங்கள், தடவிக் கொடுங்கள். அடுத்து, மருந்து. மனிதர் போடும் தூக்க மாத்திரையை நீங்களாக நாய்க்குக் கொடுக்காதீர்கள். சில மயக்க மருந்துகள் உடம்பை மட்டும் கட்டிப்போடும். சத்தம் கேட்கும், பயமும் இருக்கும், அசையத்தான் முடியாது. கடுமையாக நடுங்கும் நாய்க்கு மருத்துவர் எடை பார்த்து எழுதித் தரும் மருந்துகள் இருக்கின்றன. பண்டிகைக்குப் பல நாட்கள் முன்பே போய்ப் பாருங்கள்.

பட்டாசு வெடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் பட்டாசுக்கு எதிரி அல்ல. சிவகாசியில் எத்தனை அடுப்புகள் அதனால் எரிகின்றன என்று தெரியும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பையொட்டி 2018 முதல் தமிழக அரசு தீபாவளிக்கு நேரம் குறித்திருக்கிறது: காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. இந்த இரண்டு மணி நேரத்தை மதித்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நேரம் தெரிந்தால் நாயை முன்கூட்டியே நடக்கவைத்து, சாப்பாடு போட்டு, ஜன்னலை அடைத்து, ஃபேனையும் டிவியையும் போட்டு உள்ளே வைக்கலாம். நள்ளிரவில் எவனோ ஒருவன் கொளுத்தும் ஓர் அணுகுண்டு ஐந்து மாத உழைப்பை ஐந்து நொடியில் அழித்துவிடும்.

நம் ஊரால் முடியாதா? பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பெருமை வேடந்தாங்கல். பெயரிலேயே வேடன் இருக்கிறான். ஆனால் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, அந்த ஊர் மக்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798-இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிக்கு வரும் பறவைகளுக்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கே வெடி வைப்பதில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கும் பட்டாசு ஆசை இருக்காதா என்ன?

அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. ஒவ்வொரு நகர் நலச் சங்கமும் இந்த ஆடியிலேயே ஒரு கூட்டம் போட்டு, வீட்டு வாசலில் வேண்டாம், குறித்த நேரத்தில் பொதுத்திடலில் வெடிப்போம் என்று ஒரு தீர்மானம் போடட்டும். நாய் வளர்ப்பவர்கள் இன்று இரவே ஒலிப்பதிவை மிக மிக மெல்லிசாக வைத்து முதல் வகுப்பைத் தொடங்கட்டும்.

உங்கள் வீட்டு நாய் எந்தச் சத்தத்துக்குப் பயப்படுகிறது, என்ன செய்து பார்த்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டில் நாய் இருந்தால் அவர்களுக்கும் இதை அனுப்புங்கள்.